வெளியே ஏழு, உள்ளே ஆறு

செவ்வாய், இரவு.

கூடத்தில் இருந்தவர்கள்: நான், மகள் ஷீபா, ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர். ஸ்பீக்கர் போனில் ஷீபாவின் டீம் லீடர்.

ஷீபாவின் புரோகிராம், சிப்புக்குள் பூட்டிய அறை போன்ற ஓர் இடத்தில் நோயாளிகளின் விவரங்களைப் பார்க்கிறது. நடுவில் பிழை வந்தால், கையிலிருப்பதை உள்ளேயே பத்திரமாக வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். பிழை சரியானதும் திரும்ப உள்ளே போய் மீதியை முடிக்க வேண்டும். புரோகிராம் ஓடிய பதிவை அவள் வாசிக்க வாசிக்க, நான் கோடு போட்டுக் கணக்கு எடுத்தேன். பிழையால் வெளியே வந்தது ஏழு முறை. திரும்ப உள்ளே போனது ஆறு. ஒருமுறை திரும்பிப் போகவே இல்லை. ஆனால் வேலை முழுதாக முடிந்தது என்று பதிவில் இருக்கிறது.

"ஒரு வரி பதிவாகாம விட்டுப்போயிருக்கும் ஆன்ட்டி. ஷீபா, சரிபார்த்தாச்சுன்னு உன் பேர்ல ஓகே போட்டு காலையில அனுப்பிடு" என்றார் லீடர்.

"நீங்களே போடுங்களேன் தம்பி" என்றேன்.

சிரித்தார். "அவ பேரு வந்தா அவளுக்குத்தான நல்லது?" உடனே போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "கேட் பாஸ் வாங்கி வெளிய போனவன் திரும்பி வர்ல, ஆனா சாயங்காலம் அட்டெண்டன்ஸ் மிஷின்ல அவன் பஞ்ச் வுழுந்துருக்கு. அப்போ வேற எவனோ அடிச்சிருக்கான். எங்க கம்பெனில இதெல்லாம் ஜாஸ்தி."

"சும்மா இருப்பா" என்றாள் ஷீபா. பதிவை மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த லீடர் தம்பிக்கு அவள் மேல் திடீரென்று என்ன அக்கறை? நாளைக்கு யாருடைய விவரமாவது வெளியே போனால், அந்த ஓகேயில் இருக்கப்போவது என் மகள் பேர் மட்டும்தான்.

ஜெபத்திலும் மனம் நிற்கவில்லை. ஆண்டவரே, அவள் பேரைப் போடலாமா, வேண்டாமா? காலையில் அனுப்பச் சொல்கிறார்கள். சீக்கிரம் பதில் சொல்லும்.