கிராணி அங்கிள் கொடுத்த நற்சான்று

3 மார்ச் 2025, திங்கள்

செண்டாயான் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து, அந்த ஆன்லைன் முதுகலைப் படிப்புக்கான தகுதிகளை மூன்றாவது முறையாகப் படித்தேன். விளையாட்டு, பொழுதுபோக்குத் தலைமைத்துவம். பட்டம் வேண்டும் — இருக்கிறது. சராசரி 2.50 வேண்டும் — என்னுடையது 2.41. நாசமாய்ப் போக! கீழே சின்ன எழுத்தில் ஒரு வழி: ஐந்து வருடத் தலைமை அனுபவம், அதை நேரில் பார்த்தவரின் சான்று, நேர்காணல்.

ஒன்பது வருடமாக எங்கள் எஸ்டேட் கோயில் திருவிழாப் போட்டிகளை நடத்துவது யார்? இந்த லோகேஸ்வரிதானே? சாக்கு ஓட்டம், பெண்கள் கயிறு இழுத்தல் எல்லாம். அது அனுபவம் இல்லையா?

5 மார்ச்

கோயில் தலைவர் அமிர்தலிங்கத்திடம் கேட்டுவிட்டேன். எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இங்கிலீஷில் கடிதம் எழுதியவர். எல்லோருக்கும் கிராணி அங்கிள்.

"அங்கிள், என்னப் பத்திக் கேட்டு வெளியிலேருந்து மெயில் வரும். நல்லபடியா எழுதிடுங்க."

படிப்பு என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் எஸ்டேட்டே துக்கம் விசாரிக்க வரும்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்குத்தாம்மா இத்தன வருஷமா காத்திருந்தேன்." என் மேல் இவ்வளவு பாசமா?

9 மார்ச்

அனுப்பிவிட்டாராம். அப்பாடா.

11 மார்ச்

அப்பாடாவாவது ஒன்றாவது. யுனிவர்சிட்டி மெயிலில் 'இவர் எப்படிப்பட்டவர், எழுதுங்கள்' என்று மட்டும்தான் இருந்தது. எழுதியதைக் கைபேசியில் பெருமையாகக் காட்டினார். அடக்கமான பெண். சத்தம் போட்டுப் பேசியதே கிடையாது. வேலை விட்டால் வீடு. மீன் கறி பிரமாதமாக வைப்பாள்.

"மாப்பிள யுனிவர்சிட்டில என்னா வேலம்மா?"

மாப்பிள்ளையா? முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணமாகாத ஒருத்தியை வெளியார் விசாரித்தால், இங்கே வேறு எதற்காக இருக்கும்? தப்பு என்னுடையதுதான். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அனுப்பியதை மாற்றவும் முடியாதாம்.

மீன் கறியும் பொய். வைப்பது அம்மா.

18 மார்ச்

சனிக்கிழமை நேர்காணல். வீட்டிலிருந்தே, ஆன்லைனில்; திடலைப் பார்த்த ஜன்னலோரம்தான் லைன் கிடைக்கும்.

22 மார்ச், சனி

திரையில் டாக்டர் கமர்ஜஹான். "நீங்க சத்தமே போட மாட்டீங்கன்னு எழுதியிருக்காரு. கூட்டத்த எப்படி சமாளிப்பீங்க?"

வாயைத் திறக்குமுன் ஜன்னல் வழியே கண்ணில் பட்டது. திடலில் கயிறு இழுக்கும் பயிற்சி. கடைசியில் நின்ற மயிலம்மாள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்!

"மயிலக்கா! அவுத்துடுங்க லா அத! எத்தன தடவ சொல்றது? எல்லாரும் கயித்தக் கீழ போடுங்க! போடாதவங்க இந்த வருஷம் டீம்ல இல்ல!"

பதினாறு பேரும் போட்டார்கள். திரும்பினால் — மைக் ஆனில் இருக்கிறது. டாக்டர் ஹெட்போனைக் கழற்றி வைத்திருந்தார்.

"ஏன் அவுக்கச் சொன்னீங்க?"

"எதிர் டீம் வேகமா இழுத்தா, விழுந்தாலும் கயிறு விடாது டாக்டர். இடுப்பு போயிடும்."

ஏதோ எழுதிக்கொண்டார். சிரித்தாரா? தெரியவில்லை. போச்சு. எல்லாம் போச்சு.

7 ஏப்ரல்

இடம் கிடைத்துவிட்டது! கேன்டீனில் அழுதேவிட்டேன்.

மாலையில் கோயிலில் அங்கிள் பிடித்துக்கொண்டார். "அவங்க பக்கம் என்னம்மா சொன்னாங்க?"

"சம்மதம் சொல்லிட்டாங்க அங்கிள்."

"தேதி?"

"ஜூன் ஒம்பது. ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?"

மெயிலைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எனக்கு உயிரே இல்லை. நேரே போய்க் கோயில் மைக்கை எடுத்தார்.

"நம்ம லோகேஸ்வரி மாஸ்டர்ஸ் படிக்கப் போகுது. அடக்கமான பொண்ணு. சத்தம் போட்டே பேசாது —"

திடலில் மயிலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தது கோயில் வரைக்கும் கேட்டது.