அக்கா தொட்ட கார் கதவு

முதலில் சோறு போட்டு, அப்புறம் திட்டுகிற என் அம்மாவுக்கு,

நான் கார் வாங்கிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றது சொல்லும்படியாக இல்லை. பழைய கார்தான், கருநீலம். பருப்பு மில்லில் சூப்பர்வைசர் வேலை பார்க்கிறவனுக்குப் புதுசு எங்கே கட்டுப்படியாகும்? ஆனாலும் பார்க்க மினுமினுவென்று இருக்கும். நீ இருந்திருந்தால் முதல் ஆளாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாய்.

வாங்கிய வாரமே நம்ம செல்லத்தாய் அக்காவுக்குக் காட்டலாம் என்று ஏழாயிரம்பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சாயங்கால நேரம். அவள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு நிற்கிறேன், பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. தீபாவளி சீசன் இல்லையா, லோடு ஏற்றுகிற அவசரத்தில் கை கால்கூடக் கழுவாமல் வேனில் ஏறியிருக்கிறாள். இறங்கியதும் தூக்குவாளியைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தாள். "ஏலே, இது நம்ம காரா?" என்று கேட்டுக்கொண்டே முன்கதவிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரு விரலால் தடவிக்கொண்டே போனாள். 'நம்ம கார்' என்றுதான் சொன்னாள், அம்மா.

அவள் கை போன வழியில் வெள்ளையாக ஒரு கோடு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "வளையலக் கழட்டிட்டுத் தொட மாட்டியா? பெயிண்ட்டப் பூராம் கீறி வச்சிருக்க பாரு. காருன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். வேன் இன்னும் கிளம்பவில்லை. இறங்கி நின்ற பொம்பளைகள், உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள், டிரைவர், எல்லாரும் பார்த்தார்கள். அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தெரியாமப் பட்டுருச்சு தம்பி. கோவப்படாத. உள்ள வா, காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள். நான் குடிக்காமலே வண்டியைத் திருப்பினேன்.

அக்காவிடம் அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து வாய் வந்தது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கீறலை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும், அப்புறம் நகத்தை வைத்துக் கீறல் தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், தட்டுப்பட்டால்தான் உப்புத்தாள், பெயிண்ட் எல்லாம் என்று அதில் விவரமாகச் சொன்னார்கள். ஆனால் இங்கே விருதுநகரில் குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. குடத்தில் கை வைத்தால் உன் மருமகள் விடுவாளா? "குடிக்கிற தண்ணில காரு குளிக்கணுமாக்கும்?" என்றாள். கீறல்தான் கண்ணுக்குத் தெரிகிறதே என்று கழுவுகிற வேலையை விட்டுவிட்டு நேராக உப்புத்தாளை எடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். முந்தின நாள் கோபம் இன்னும் கையில் இருந்தது, அதனால் நன்றாகவே தேய்த்தேன்.

ஒரு சாண் தேய்த்ததும் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க ஈரத்துணியைக் கதவின் கடைசி வரை இழுத்தேன். நான் தாள் வைக்காத இடத்தில் அந்த வெள்ளைக் கோடே இல்லை. அடியில் கருநீலம் ஒரு குறையும் இல்லாமல் பளபளத்தது. துணியைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நகக்கண்ணில் வெள்ளி மினுக்கு.

அந்த மினுக்கு எனக்குத் தெரியாததா அம்மா? பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடி. நீ கம்பெனியிலிருந்து வந்து சோப்புப் போட்டாலும் உன் காதோரத்தை விட்டுப் போகாது. அது ஒட்டிய உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தேன். அக்கா விரலில் இருந்து கதவில் ஒட்டியதும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. வளையல், கொலுசு, ஹேர்பின் என்று உலோகமாக எதையும் போட்டுக்கொண்டு கம்பெனிக்குள் போக விடமாட்டார்கள், உரசினால் தீப்பொறி வரும் என்று. நீயும் காலையில் வளையலைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் வேனுக்கு ஓடுவாய். அப்படியிருக்க, வேனிலிருந்து இறங்கிய அக்கா கையில் வளையல் எப்படி இருந்திருக்கும்? வெறுங்கையைப் பார்த்துத்தான் அந்தக் கத்து கத்தியிருக்கிறேன்.

இல்லாத கீறலைச் சரிசெய்யப் போய் நிஜமான கீறல் வந்துவிட்டது. கார் நிறத்தைச் சொல்லி ஒரு குட்டிப் பாட்டில் பெயிண்ட் வாங்கி வந்தேன். மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்று வீடியோவில் சொன்னதை இந்தத் தடவையும் கேட்கவில்லை. வெயிலில் நின்றுகொண்டு ஒரே அடியாகப் பூசினேன். இப்போது அந்த இடம் மட்டும் தடித்து, கறுத்து, திட்டாக நிற்கிறது. "மொகப்பருவக் கிள்ளப் போயி மூக்கையே பேத்துட்டீகளே" என்று உன் மருமகள் சிரித்தாள்.

அவளிடமும் அக்கா வளையல் பட்டுத்தான் கீறிவிட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்த பிறகும் திருத்திச் சொல்லவில்லை. "பாவம் மதினி, தெரியாமத்தான பட்டுருக்கும்" என்று அவள் சொன்னபோது ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கத்தினதைவிட இந்தத் தலையாட்டல்தான் எனக்குக் கேவலமாக இருக்கிறது.

உன் வருஷத் திதி நெருங்குகிறது. அழைக்கிறதற்காக உன் மருமகள் அக்காவுக்குப் போன் போட்டாள். காரை அனுப்புகிறோம் என்றதற்கு, "வேணாம் தாயி, நாங்க பஸ்ஸுலயே வந்துர்றோம். பிள்ளைக எங்கயாச்சும் கீறி வச்சிரும்" என்று அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. குத்தலாகக்கூடச் சொல்லவில்லை அம்மா, நிஜமாகவே பயந்துதான் சொன்னாள். 

மறுநாளே காரை எடுக்காமல், சாத்தூர் வழியாக பஸ்ஸில் போனேன். வேன் வந்து, எல்லாரும் இறங்கிக் கலைந்து, தெரு அடங்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். அத்தான் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அடுப்படி வாசலில் நின்று, பொடியை, வளையலை, நான் போட்ட கீறலை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்லே" என்றாள். "வேலைக்குப் போயிட்டு வந்த கையி. வளையலுக்கு எங்க போக?"

"அப்ப ஏங்க்கா அங்கனயே சொல்லல? துணிய வச்சுத் தொடச்சுக் காட்டியிருந்தா அதோட முடிஞ்சுபோயிருக்கும்ல?"

"அம்புட்டுப் பேரு பாத்துக்கிட்டு நிக்காக. நீ கத்த, நான் தொடச்சுக் காட்ட, அவுக உன்னயப் பாத்துச் சிரிக்கவா? காரு வாங்கி மொதமொதல்ல வந்திருக்க. உன்னயப் போயி எப்பிடிலே அங்க வச்சுக் கேவலப்படுத்த?" என்றாள். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

 நாலு பேர் முன்னால் என் மானம் போகக்கூடாது என்று அவள் தன் மானத்தை விட்டிருக்கிறாள். நானோ மன்னிப்புக் கேட்கக்கூடத் தெரு அடங்கட்டும் என்று டீக்கடையில் காத்துக்கிடந்திருக்கிறேன். கத்தினது ஊருக்கே கேட்டது. தப்பை ஒப்புக்கொண்டது அடுப்படியில் அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன்.

உன் மருமகளிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, அதன் பிறகு என்னோடு பேசவும் இல்லை. உன் பேருக்கு எழுதினாலும், இந்தக் கடிதத்தை எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் அந்த வேனில் வருகிறவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை. அவர்களுக்கு அக்கா இன்னமும் தம்பி காரைக் கீறியவள்தான். அந்தப் பேரோடுதான் தினமும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய் வருகிறாள்.

உன் திதிக்கு முன்னாலேயே, வேன் வந்து நிற்கிற நேரத்துக்குச் சரியாகப் போய் நிற்பேன் அம்மா. ஒருத்தரையும் வீட்டுக்குப் போக விடாமல் நிறுத்தி, அன்றைக்குப் பார்த்த அத்தனை பேரும் கேட்க, கீறினது அக்கா இல்லை, நான்தான் என்று சொல்வேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அக்கா "சும்மா இருலே" என்று வாயை அடைக்கப் பார்ப்பாள். அவள் தடுத்தாலும் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உன் மேல் சத்தியம்.

செல்லத்தாயின் தம்பி என்று சொல்லிக்கொள்ள அதுவரை வாய் வராத,
உன் மகன்.