எட்டாவது துணி

786

கடலூர் ஓ.டி.
14-10-1968

அன்புள்ள மச்சானுக்கு ரசியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முதலில் ஒரு களவை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அக்காவுக்கென்று சிங்கப்பூரிலிருந்து மூன்று கோடாலித் தைலம் கொடுத்தனுப்பினீர்கள். மூன்றையும் சிதம்பரத்தில் சேர்த்துவிட்டதாக எழுதினேன். பொய். ஒன்றுதான் போனது. இரண்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்து நானே தேய்த்துக்கொண்டேன். ஒரு மாதம் சோறெல்லாம் தைல வாசம். ரேஷன் கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், களவுக்கு அதுவே ஜாஸ்தி.

போன வாரம் உங்கள் சைனம்பு அக்காவுக்குச் சுரம் என்று ஆள் வந்து சொன்னான். ஹாங்காங் சுரமாம். மிச்சமிருந்த தைலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் முழுக்க இருமல். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே இருமினார், டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டார். நான் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

லேசாகச் சுரம், பயப்படாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதற்கும் சிரித்துத்தான் பதில் போட்டேன். கடிதம் எழுதச் சோம்பல்பட்டுச் சுரத்தைத் துணைக்குக் கூப்பிட்டீர்களா என்று கேட்டிருந்தேன். அதற்கு அப்புறம் உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்றோடு நாற்பத்தைந்து நாள்.

அக்காவுக்குச் சுரம் விட்டிருந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? ஏழு பேருக்கு ஒரே நாளில் ஒரே சட்டிச் சோறு வைத்துப் பாத்திஹா ஓதுகிற சிக்கன வீட்டுப் பெண் சுரத்தை மட்டும் தனியாக அனுபவிக்கலாமா என்று கேட்டேன். என் பழைய கேலிதான், உங்களுக்குத் தெரியாததா? மற்ற வீடுகளில் மௌத்தாகி மண்ணுக்குள் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வைத்து ஓதுவார்கள். நம் வீட்டில் மட்டும் உங்கள் உம்மா, வாப்பா முதல் ஏழு பேருக்கும் சேர்த்து ஸபர் மாதம் ஒரே நாள். இங்கே கடலூர் வீட்டுப் பின்னறைக்குக் கதவும் கிடையாது, திரைதான். கதவு போடக்கூட மனசு வராத கஞ்சர்கள் என்று, உங்களை நிக்காஹ் முடித்து வந்த நாள் முதல் இருபத்தைந்து வருடமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அக்கா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். "நாங்க சிக்கனம் பண்ணலடி ரசியா. ஒம்போது நாள்ல ஏழு பேரு போனாங்க. யாரு எந்த நாள்ல போனாங்கன்னு நெனவு வெச்சிக்க வூட்ல ஆளு இல்ல" என்றார்கள்.

பதினெட்டாம் வருடத்து விஷசுரமாம். அக்காவுக்கு அப்போது பத்து வயது. நம் தெருவில் எல்லா வீட்டிலும் அடக்கத்துக்குக் காத்திருக்கும் மையத்து. மையத்தைத் தூக்கிப் போகும் பள்ளிவாசல் சந்தூக்குப் பெட்டி ஒரு வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதற்குள் அடுத்த வீட்டில் காத்திருப்பார்களாம். அதனால் பின்னறைக் கதவைக் கழற்றி அதில் வைத்துத் தூக்கிப் போனார்களாம். ஏழு பேரும் அந்தக் கதவில்தான் போனார்களாம். பிறகு அதைத் திரும்ப மாட்ட யாருக்கும் மனசு வரவில்லையாம்.

இனிமேல் சொல்வதை உங்களிடம் அவர்கள் சொன்னதே இல்லையாம். நீங்கள் அப்போது நாற்பது நாள் பிள்ளை. உம்மா மௌத்தானபோது பக்கத்தில் கிடந்த நீங்களும் அசையவில்லை. இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று உங்களுக்கும் சேர்த்து மையத்துக்குச் சுற்றும் கஃபன் துணி கிழித்துவிட்டார்கள். குளிப்பாட்டுகிற பெண்பிள்ளை முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றியதும் நீங்கள் தும்மினீர்களாம். அவள் சொம்பைப் போட்டுவிட்டு ஓடியே போனாளாம். அக்காதான் உங்களைத் தூக்கித் துடைத்து, அந்தக் கஃபன் துணியிலேயே சுற்றி, ஆட்டுப்பால் புகட்டி வளர்த்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை மச்சான். இத்தனை வருடம் எதைச் சொல்லிச் சிரித்தேன் என்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்நேரம் சுக்குப் பொடி கொண்டு வந்த பக்கத்து வீட்டு சபாபதி வாத்தியார், அந்தச் சுரத்தில் நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்ததாகச் சொன்னார். கோடிக்கு எத்தனை சைபர் என்று எனக்குத் தெரியாது. ஏழு தெரியும்.

அந்த எட்டாவது துணியை அக்கா இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் காட்டினார்கள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். பிறகு மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்கள். அது அங்கேயே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அப்துல் மஜீத் வந்தான். உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன், நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி நேராக வருகிறானாம். அறையில் பத்துப் பேரில் ஆறு பேர் படுக்கை என்றான். மச்சான் எப்படி என்று கேட்டேன். "நான் கெளம்பறப்ப தல தூக்காம கெடந்தாரு. அப்பறம் தெரியல" என்று தன் கால் விரலைப் பார்த்துச் சொன்னான். டீ கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை.

மச்சான், நாற்பது நாள் பிள்ளையாகக் கிடந்தபோதே ஒரு தும்மலைப் போட்டு, இருக்கிறேன் என்று சொன்னவர் நீங்கள். இப்போது ஐம்பது வயது. ஒரு வரி போடுங்கள். கை வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லிக் கீழே ஒரு கோடு இழுங்கள், உங்கள் கோடு எனக்குத் தெரியும். திட்டிக்கூட எழுதலாம். தைலம் திருடியதற்காவது திட்ட வேண்டாமா?

ரஹ்மானான அல்லாஹ் உங்களை அன்று போல இன்றும் திருப்பித் தருவானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குத் தெருவைப் பார்த்திருக்கும்
ரசியா

பின்குறிப்பு: உங்கள் போன கடிதத்தைத் தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டில் மேல் வைப்பேன். நேற்று அதை, வருகிற ஸபர் பாத்திஹாவுக்கென்று வாங்கிய ஆட்டுக்குட்டி தின்றுவிட்டது. லேசாகச் சுரம் என்று எழுதியிருந்த பக்கம் முழுக்கப் போயிற்று. விலாசம் இருந்த துண்டு மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்துத்தான் உறை மேல் எழுத்துக்கு எழுத்து வரைந்திருக்கிறேன். ஆடு நலமாக இருக்கிறது.