தீ வைத்த இருவர்

அக்கா,

நேற்று உங்கள் மகள் உங்கள் படங்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கான படங்கள். அந்தப் பையில் ஒரு படம். எரியும் வீடு, வெளியே குழந்தையின் கையைப் பிடித்தபடி ஒரு பெண். நாங்கள் இருவரும் தைத்ததைத் தையல் குழுவினர் அச்சடித்து விற்கிறார்கள். நான் தைத்த பாதி இருக்கிறது. நீங்கள் தைத்த பாதியை, தீ வைக்கும் அந்த இரண்டு ஆண்களை, வெட்டிவிட்டார்கள். வீடு தானாகப் பற்றிக்கொண்டதாம்.

ஈஸ்ட் ஹாம் தையல் குழு நினைவிருக்கிறதா? பிரான்சின் பேயூ சித்திரத்தையல் லண்டனுக்கு வருகிறது, நாங்களும் ஒரு துண்டு தைப்போம் என்றார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன் நோர்மன்காரர் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த கதை, லினன் துணியில் கம்பளி நூலால். வென்றவனுக்காகத் தோற்ற நாட்டுப் பெண்களே தைத்திருப்பார்கள் என்று குழுவை நடத்திய வெள்ளைக்காரி விளக்கினாள். பிறகு எங்கள் மேசைக்கு வந்து, இலங்கையில் இருந்து வந்த உங்களுக்கு அதில் வரும் எரியும் வீடுதான் பொருத்தம் என்று இனிக்க இனிக்கச் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நீங்கள் துணியை வாங்கினீர்கள்.

பெண்ணையும் பிள்ளையையும் என்னிடம் தள்ளிவிட்டு, அந்த இருவரையும் நீங்கள் எடுத்தீர்கள். முகங்களை மூன்று தரம் பிரித்துத் தைத்தீர்கள். போதும், வாங்கோ என்றேன். நீங்கள் தலை நிமிரவில்லை.

"கொளுத்தினவங்களின்ர முகம் வடிவாத் தெரியவேணும். என்ர வீட்டைக் கொளுத்தினவங்களை நான் கண்டனான்."

ஏன் வெட்டினார்களாம் என்று உங்கள் மகளைக் கேட்டேன். பார்க்கிற சனத்துக்கு மனக்கஷ்டமாக இருக்குமாம். த்தூ!

வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே கல்வெட்டின் பிரதியை எடுத்தேன். உங்கள் வாழ்க்கை வரலாறு, நான் எழுதியது. 'நாட்டுச் சூழ்நிலை காரணமாகப் புலம்பெயர்ந்து லண்டன் வந்தார்.' எல்லாக் கல்வெட்டிலும் வருகிற, ஒருவருக்கும் நோகாத வரி. அவர்கள் பையில் செய்ததை நான் தாளில் செய்திருக்கிறேன். வெட்கங்கெட்ட வேலை, அக்கா. என்னைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று காலை அச்சகத்துக்குப் போன் அடித்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன். 'இரண்டு பேர் வந்து இவரது வீட்டைக் கொளுத்தினார்கள். அவர்களின் முகங்களை இவர் கடைசிவரை மறக்கவில்லை' என்று போடச் சொன்னேன். அச்சகக்காரர் மறுத்தார்.

"உதுகளைக் கல்வெட்டில போடுறேல்லைத் தங்கச்சி."

"இதில போடுங்கோ அண்ணை."

அந்த முகங்களை நான் கண்டதில்லை. நீங்கள் மூன்று தரம் பிரித்துத் தைத்ததைக் கண்டவள் நான். எனக்கு அது போதும்.