பிகுன் தாய்க்குக் காட்ட வேண்டிய படம்

ஆகஸ்ட் 6

இரவெல்லாம் மழை. கால்வாய்த் தண்ணீர் வாசற்படி வரை ஏறி நிற்கிறது. படகில் கீரை கொண்டுவரும் வன்னா துடுப்பை ஊன்றி நிறுத்தி, "அக்கா, இந்த மாசம் பிகுன் வர்றாளாமே?" என்றாள். கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்துக்கு வருவதைக் கேட்பதுபோலக் கேட்கிறாள். வருகிறாள் என்றேன். எட்டாம் பாகம். அந்தப் பேய்ப்படத்தின் ஏழாம் பாகம் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இனி வராது என்றுதான் ஊரே நினைத்திருந்தது.

ஏழு பாகத்திலும் பிகுனுக்கு முகம் பிம்பா, குரல் நான். பிம்பா திரையில் நிற்பாள்; நான் பாங்காக்கில் ஓர் இருட்டறையில் மைக் முன்னால் நிற்பேன். பிகுன் ஒரு தடவைகூட அலறியதில்லை. அந்தி நேரத்தில் கரைக்கு வந்து பிள்ளையைக் கூப்பிடுவாள். "சோறு ஆறிப்போகுது, வா கண்ணு." அவ்வளவுதான். பதில் சொன்னவன் தண்ணீருக்குள் போவான். இதற்கே நாடு முழுக்கப் போர்வைக்குள் ஒளிந்தது. இன்றைக்கும் சந்தையில் நான் மீன் விலை கேட்டால் விற்கிறவன் கை ஒரு நொடி நிற்கிறது.

ஆகஸ்ட் 9

மகிழமரத்தடியில் இருக்கும் பிகுன் கோயிலுக்குப் போய்வந்தேன். யாரோ புதிதாகப் பட்டுப் பாவாடை சாத்தியிருக்கிறார்கள். படையலாகச் சிவப்பு சோடா பாட்டில்கள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் உறிஞ்சு குழாய். படத்துக்கு வெகு காலம் முன்பே பிகுன் இங்கே இருக்கிறாள். வெள்ளத்தில் பிள்ளை போக, பிடிக்கக் குதித்த அவளும் போனாள். எங்கள் ஊரில் நேர்ந்துகொண்டது நடந்தால் அவள் முன்னால் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். அவளுக்குப் படம் பார்க்கப் பிடிக்கும்.

போன வருஷம் பிம்பாவுக்கு இதய அறுவை. இந்த எட்டாம் பாகத்தில் ஒரு காட்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அதை நினைத்தேதான் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நான் இங்கே வந்து முட்டி போட்டு, "எட்டாம் பாகம் வர்ற வரைக்கும் இவள விட்டு வை தாயி. வந்ததும் அந்தப் படத்தையே உன் முன்னால காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வர்ற வரைக்கும். ஏன் அப்படிச் சொன்னேன்? வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா? படம் காட்டுவதாக வேண்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். இந்த 'வரைக்கும்' எனக்கும் தாயிக்கும் மட்டும் தெரியும்.

ஆகஸ்ட் 22

பார்த்தோம். இன்று எழுத முடியாது.

ஆகஸ்ட் 23

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பிம்பா பச்சைப் பட்டு உடுத்தி வந்தாள். அவள் மகன் நொப் காரில் கூட்டிப்போனான். படத்தில் பிம்பா பூமாலை விற்கிற கிழவி. முதுகு மட்டும் தெரிகிறது. அவள் பேசிய இரண்டு வரியில் ஒன்றை வெட்டிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னைக் குரலுக்குக் கூப்பிடவே இல்லை, அதையும் பொறுத்தேன்.

புதுப் பிகுன் ஒரு சின்னப் பெண். வாய் காது வரை கிழிகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அலறுகிறாள். அலறல் அவளுடையதுகூட இல்லை, இரும்பை இரும்பில் தேய்க்கிற ஏதோ சத்தம். பயமே வரவில்லை. காது மட்டும் வலித்தது. முன்பெல்லாம் கரையில் ஒரு விளக்கு ஆடுவதைக் காட்டியே முதுகைச் சில்லிட வைத்தார்கள். இவர்களுக்குப் பொறுமை இல்லை, பார்க்கிறவன் மேல் நம்பிக்கையும் இல்லை.

கடைசியில் ஒரு மனநல டாக்டர் வருகிறான். சுவரில் படங்களை ஒட்டி வைத்து எல்லாவற்றையும் விளக்குகிறான். வெள்ளம் பிள்ளையை அடித்துப் போகவில்லையாம். பிகுனே தள்ளிவிட்டாளாம். அவள் இரண்டு கையும் நீள்வதைக் கிட்டத்தில் காட்டுகிறார்கள். பிள்ளை விழுகிறது. அலறல். முடிந்தது.

எட்டாம் பாகத்தில் ஒரு திருப்பம் வேண்டுமென்றால் இப்படியா! நாற்பது வருஷமாகத் திரையில் பிள்ளையைத் தேடுகிறவளை இரண்டு மணி நேரத்தில் கொலைகாரி ஆக்கிவிட்டார்களே, பாவிகள்.

காரில் திரும்பினோம். பாலம் தாண்டும்போது பிம்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "அது என் கைன்னுதான்டி இத்தன வருஷமா நெனச்சிருந்தேன்" என்றாள். "இதுக்குத்தான் பொழச்சு வந்தேனா?"

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30

வீரா வந்தான். திரை கட்டுகிற லாரிக்காரன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"அக்கா, எட்டாம் பாகத்த ஒரே வாரத்துல தியேட்டர்லேருந்து தூக்கிட்டாங்க. எனக்குச் சல்லிசா கெடைக்கும். எப்ப வெச்சுக்கலாம்?"

"பாத்தியாடா படத்த?"

"பாத்தேன். பாதியில தூங்கிட்டேன். அலறி அலறி எழுப்பிவிடுறாங்க, அதான் கோவம்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நெசமாத்தான் கேக்குறேன். ஒருத்தி வீட்டு வாசல்ல போயி, நீதான் உம் புள்ளயக் கொன்னேன்னு திரை கட்டிச் சொல்லுவாங்களா? எனக்கு லாரி ஓட்டணும், பொண்டாட்டி புள்ள இருக்கு."

"அப்ப காட்டாம விட்டுடலாமா?"

"ஐயையோ, வாங்கிட்டுக் குடுக்காம இருக்கறதா! அது அதவிட மோசம்."

முதல் பாகத்தைக் காட்டலாமே என்றான். 'அந்தப் படத்தையே' என்றல்லவா நேர்ந்தேன். கடைசி இருபது நிமிஷத்துக்கு முன்னால் கரண்ட் போன மாதிரி நிறுத்திவிடலாம் என்றான். அவளை ஏமாற்ற முடியுமா? மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மழை ஒரு சாக்கு. இந்தத் தாளில் உண்மையைச் சொல்கிறேன்: படம் வந்துவிட்டது, நான் கேட்ட தவணை முடிந்தது. நான் காட்டாத வரை கணக்குத் தீராது. தீராத வரை அவள் பிம்பாவைத் தொடமாட்டாள் என்று ஒரு நப்பாசை.

செப்டம்பர் 4

கனவு. பிகுன் பின்படியில் உட்கார்ந்து அரிசி களைகிறாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துக் கால்வாய் முழுக்கப் பரவுகிறது. முகம் திருப்பவில்லை. "எப்ப காட்டப்போற?" என்கிறாள். என் குரலில். என்னிடமே கேட்கிறாள்.

செப்டம்பர் 5

எழுந்து பார்த்தால் பின்படி ஈரம். மழைக்காலத்தில் பின்படி ஈரமாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

செப்டம்பர் 11

பிம்பா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நொப் போன் செய்தான். "சித்தி, அம்மா டிவியக்கூடப் போட விடமாட்டேங்குறாங்க. சும்மா தண்ணியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்க."

செப்டம்பர் 19

பிம்பாவுக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஓடினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சின்னதாகக் கிடந்தாள். தாயி, அவசரப்படாத. காட்டுறேன், காட்டுறேன்னு சொன்னேன்ல. மழ விடட்டும். எம் பேச்ச எப்பவாவது மாத்தியிருக்கேனா?

செப்டம்பர் 23

வீட்டுக்கு வந்துவிட்டாள். கஞ்சி ஊட்டப் போனேன், அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்த 'வரைக்கும்' உட்பட.

என் கையிலிருந்த கரண்டியைத் தள்ளினாள். "லூசாடி நீ? ஒரு நூறு வருஷம்னு கேக்கத் தெரியாது? எட்டாம் பாகம் வரைக்குமா கேப்ப?"

"நீதான எட்டாம் பாகம், எட்டாம் பாகம்னு அனத்திக்கிட்டிருந்த!"

"அதுக்கு?"

 அவளே கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் முழுக் கிண்ணம்.

அக்டோபர் 2

பிம்பா முடிவு செய்துவிட்டாள். படத்தை முழுசாகக் காட்ட வேண்டும், வெட்டக் கூடாது. "அவளப் பத்தி ஊரெல்லாம் பேசுது, அவளுக்கு மட்டும் தெரியக் கூடாதா? அதென்ன மரியாதை?"

"கேட்டுட்டுச் சும்மா இருப்பாளா?"

"ஏன் சும்மா இருக்கணும்? அவ வாய் உங்கிட்டதான இருக்கு. படத்தைத்தான காட்டுறேன்னு வேண்டிக்கிட்ட. சத்தத்தையும் காட்டுறேன்னு சொன்னியா?"

ராத்திரி முழுக்கப் படுக்கையில் புரண்டேன். சின்ன வயதில் ஊர் ஊராகத் திரைக்குக் கீழே உட்கார்ந்து, ஓடுகிற படத்துக்கு அங்கேயே குரல் கொடுத்தவள்தான் நான். கதாநாயகன், வில்லன், குதிரை எல்லாம் நானே. இருந்தாலும் இப்போது, அவள் முன்னாலேயே? அவளாகப் பேசுவதா?

அக்டோபர் 12

காட்டிவிட்டோம். 

மழை விட்ட அந்தி. எதிர்க்கரை மரங்களில் மின்மினி ஏறியிருந்தது. முன்வரிசை நாற்காலிகள் தாய்க்கும் அவளோடு வருகிறவர்களுக்கும். மனிதர் உட்காரக் கூடாது. ஊர் பின்னால் பாய் விரித்துக்கொண்டது. பிம்பா இரண்டாம் வரிசையில் நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். "அக்கா, தாயி தலை மறைக்குதா?" என்றான் வீரா. யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

ஊதுபத்தி கொளுத்தி, "படம் நல்லால்ல தாயி. கோவிச்சுக்காத. முழுசாப் பாரு" என்று மட்டும் சொன்னேன்.

முதலில் படத்தின் சத்தத்தோடேயே ஓட விட்டோம். முதல் அலறல் வந்ததும் வீரா சத்தத்தை நிறுத்தினான். தவளைகள் மட்டும் கேட்டன. திரையில் அந்தப் பெண் வாய் கிழிய நிற்கிறாள். அத்தனை பெரிய வாய்க்கு நான் எதைச் சொல்வது? பிறகு தெரிந்தது. தூரத்தில் போகிற பிள்ளையைக் கூப்பிட அத்தனை பெரிய வாய் வேண்டியிருக்கும்தானே. "கண்ணூ..." என்று நீட்டினேன். பொருந்திவிட்டது. பின்னால் பாயில் ஒரு குழந்தை அம்மா மடியில் ஏறிக்கொண்டது.

அதற்குப் பின் எல்லாருக்கும் நானே பேசினேன். டாக்டரைச் சளி பிடித்தவனாக்கினேன். அவன் சுவரைக் காட்டி விளக்கும்போதெல்லாம் தும்மினான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. தாயும் சிரித்திருப்பாள்.

கைகள் வந்தன. இரண்டு கையும் நீள்கின்றன, பிள்ளை விழுகிறது. ஒரு துண்டுகூட வெட்டவில்லை. நான் எதையும் யோசித்து வைக்கவுமில்லை.

"புடிடா! அம்மா கையப் புடி! விட்டுடாத, கண்ணு, புடி!"

அதே படம்தான். அந்தக் கைகள் தள்ளவில்லை. பிடிக்கப் போகின்றன, எட்டவில்லை. அதற்குப் பிறகும் பேசினேனாம். என்ன பேசினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சோறு ஆறியதைச் சொன்னேன் என்கிறான் வீரா. தண்ணீர் குளிர்வதைச் சொன்னேன் என்கிறாள் வன்னா. கண் திறந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. பிம்பா இரண்டு கையையும் முன்நாற்காலியின் முதுகில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். வாய்விட்டு, நன்றாக, எனக்கு ஆறுதலாக இருக்கும்படி அழுதாள்.

அக்டோபர் 13

கணக்குத் தீர்ந்தது. காலையில் எழுந்ததும் அவளுக்கு போன் செய்தேன். "இருக்கேன்டி" என்று எடுத்தாள்.

அக்டோபர் 14

"இருக்கேன்."

அக்டோபர் 20

தினமும் போன் செய்தால் பயத்திலேயே செத்துவிடுவேன் என்று திட்டினாள். இன்று செய்யவில்லை. சாயங்காலம் அவளே செய்தாள்.

நவம்பர் 15

பௌர்ணமி. எல்லாரும் வாழைமட்டையில் பூவும் விளக்கும் வைத்துத் தண்ணீரில் விட்டோம். என் விளக்கு பிம்பாவின் விளக்கை இடித்து, இரண்டும் சுற்றிக்கொண்டே போயின. வீரா பக்கத்தில் நின்றான்.

"அக்கா, அடுத்த நேர்த்திக்கும் எனக்கே சொல்லிடுங்க, வேற லாரிக்காரன் யார்கிட்டயும் போயிடாதீங்க."

"எந்த நேர்த்திடா?"

"பிம்பா அக்கா போன வாரம் வந்து வேண்டிக்கிட்டாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

பிம்பா வேறு பக்கம் பார்த்தாள். பிடித்து உலுக்கினேன். "ஆமாடி. ஒன்பதாம் பாகம் வர்ற வரைக்கும் எங்க ரெண்டு பேரையும் விட்டு வைன்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபம்! "அடிப்பாவி, அது அடுத்த வருஷமே வருதுன்னு சொல்லியிருக்கானுங்கடி! நூறு வருஷம்னு கேக்கலைன்னு என்னத் திட்டின?"

"நூறு வருஷத்துக்கு மூட்டு வலியோட யாரு இருக்கறது?" என்றாள். "அவனுங்க இழுப்பானுங்க. பத்தொன்பது வருஷம் இழுத்தவனுங்கதான?"

இழுக்கட்டும். எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் எடுக்கட்டும், மெதுவாக எடுக்கட்டும்.

டிசம்பர் 3

பாங்காக்கிலிருந்து வந்த ஒருவன் ஒன்பதாம் பாகத்துக்குக் கரையில் இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஜனவரி 17

குளிர்காற்று. வெயிலில் பிம்பாவும் நானும் கருவாட்டை உலர வைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு உப்பு ஆகாது, ஆனாலும் திருடித் தின்கிறாள். நொப் போனை நீட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

எட்டாம் பாகத்தில் படக் கம்பெனிக்குப் பலத்த அடியாம். ரசிகர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்களாம். ஒன்பதாம் பாகம் கிடையாது, இனி எந்தப் பாகமும் கிடையாது, பிகுன் வரிசையை இத்தோடு முடித்துக்கொண்டோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

"சாரி சித்தி. சாரிம்மா" என்றான் நொப். உண்மையாகவே அவனுக்கு வருத்தம்.

பிம்பா என்னைப் பார்த்தாள். "ஒன்பதாம் பாகம் வர்ற வரைக்கும்னுதான கேட்ட?" என்றேன். பிறகு அவள் கையை நீட்டி, தட்டிலிருந்து இன்னொரு கருவாடு எடுத்துக்கொண்டாள்.