ஜெபக்கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் காப்பதால் நான் சுகம். உங்கள் முழங்கால் மண்டியிட இடம் கொடுக்கிறதா?

பயப்படும்படி ஒன்றுமில்லை. போன வாரம் எங்கள் சலவைக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரன் ஒரு படுக்கை விரிப்பை இஸ்திரியில் கருக்கிவிட்டான். சூப்பர்வைசர் கத்தியதும், "நான்தான் சார் செஞ்சேன்" என்று பழியை ஏற்றுக்கொண்டேன். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனம் அப்போதே ஞாபகம் வந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் என்னோடு அறையில் தங்கியிருக்கும் ஐந்து பேரிடமும் சொல்லிவிட்டேன்.

அது அவன் காதுக்கும் போய்விட்டது. "என்னைக் காப்பாத்துனியா, இல்ல காட்டிக் குடுத்தியா?" என்று கேட்டான். அன்றிலிருந்து தள்ளிப்போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அன்பினால்தான் செய்தேனா, நல்லவன் என்ற பேருக்காகவா? தெரியவில்லை அம்மா.

நம் வீட்டுச் சோப்பு ஒன்று அனுப்புங்கள். ஊரார் துணியெல்லாம் வெளுக்கிறேன், என் தலையணையாவது வீட்டு வாசனை அடிக்கட்டும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது, ஒன்று சொல்லிவிட்டு ஓடுகிறேன். என் கடிதங்களை ஜெபக்கூட்டத்தில் சாட்சியாக வாசிப்பீர்களே, இதை வாசிக்க வேண்டாம். நீங்கள் சத்தமாக வாசிக்கும்போது நன்றாக இருக்க வேண்டுமென்று இதையும் மூன்று தடவை திருத்தி எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகன்