காலி ஸ்லாட்டில் ஏன் டேப் ஒட்டினாய்?

என் தங்க அண்ணே, பாவி அண்ணே,

நலமா என்று கேட்க மாட்டேன். உன் மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

உன் கிழட்டுக் கம்ப்யூட்டர் இன்னும் தாராவியில், நம் பட்டறையில்தான் இருக்கிறது. அதிலிருந்து டிசைன் போனால்தான் எம்பிராய்டரி மெஷின் ஓடும். புதுக் கம்ப்யூட்டர் எதையும் அது மதிக்காது. மெஷின் ஓடினால்தான் என் வீட்டிலும் உன் வீட்டிலும் உலை கொதிக்கும். இதெல்லாம் தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே?

காட்கோபர் சேட்டு கல்யாண சீசனுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தார். பிளவுஸ் முதுகு முழுக்க மயில். அந்த டிசைனைத் திறந்ததும் கம்ப்யூட்டர் திணறியது. மெமரி பத்தவில்லை என்று மூடியைக் கழற்றினேன். இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. அதன் மேல் நீ டேப் ஒட்டி வைத்திருக்கிறாய்.

இன்னொரு மெமரி போடேன் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்? யார் எதைக் கேட்டாலும் “சலேகா, சலேகா”, ஆகட்டும் ஆகட்டும் என்கிற வாய், இதற்கு மட்டும் “நை சலேகாட்டி, அது ஆவாது, ஒஞ் சோலியப் பாரு” என்றது. ஏன் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. பெரிய மேதாவி!

டேப்பைப் பிய்த்தேன். லேமிங்டன் ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் அலைந்து இன்னொரு 64 எம்.பி. மெமரி வாங்கி மாட்டினேன். திரையில் 128 என்று முழுசாக எண்ணிக் காட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தால், பெட்டி ஆமையாகிவிட்டது. முன்பு ஓடிய சின்ன டிசைனும் நகரவில்லை. மெமரியைக் கூட்டினால் வேகம் குறையுமா? இது எந்த ஊர் நியாயம்?

புதியதை மட்டும் போட்டேன், ஓடியது. பழையதை மட்டும் ஸ்லாட் மாற்றிப் போட்டேன், அதுவும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால்தான் இழுவை. கடைசியில் என் மகள் ஸ்டெல்லா இன்டர்நெட்டில் தேடி வாசித்துச் சொன்னாள்.

“அம்மா, இந்த மதர்போர்டு 64 வரைதான் வேகமா கையாளுமாம். அதுக்கு மேல போட்டா வேண்டாம்னு சொல்லாது. வாங்கிக்கும், எண்ணியும் காட்டும். ஆனா மொத்தமும் ஸ்லோ ஆயிடுமாம்.”

இதைத்தானே அண்ணே நீ சொல்லியிருக்க வேண்டும்? சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? புதியதைப் பிடுங்கினேன். மயிலை இரண்டாக வெட்டி, கழுத்து வரை ஒரு டிசைன், தோகை ஒரு டிசைன் என்று ஓட்டினேன். ஓடியது.

மெமரி கெட்டுப்போனால் போர்டு பீப் பீப் என்று நீட்டி நீட்டிக் கத்தும் என்று நீதான் காட்டிக்கொடுத்தாய். இது கெடவில்லை, அதனால் கத்தவும் இல்லை. நீயும் அப்படித்தானே இருந்தாய்? பகலில் ரிப்பேர் வேலை, சாயங்காலம் என் மெஷின், அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, கல்யாணில் இருக்கும் சித்தப்பா வீட்டு வயரிங், எல்லாவற்றுக்கும் சலேகா. மாடிப்படியில் நீ நின்று நின்று ஏறியபோது, கிழவனாகிவிட்டாய் என்று வீடே கேலி செய்தது. நெஞ்சு வலிக்கு “வெறும் கேஸ்ட்டி, சோடா குடிச்சா சரியாயிரும்” என்றாய். அடப்பாவி, போர்டுக்கு எவ்வளவு தாங்கும் என்று டேப் ஒட்டினாயே, உனக்கு ஒட்ட ஒரு துண்டு மிஞ்சவில்லையா?

அடக்கத்தன்று சர்ச்சில், “யாருக்கும் இல்லைன்னு சொன்னதே கெடையாது” என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டுக் கேட்டு வாங்கினவர்கள்தானே அத்தனை பேரும்?

நேற்று மதினி மெஷின் பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒண்ணுமில்ல, வெயிலு” என்றாள். மயில் பாதியில் நின்றது. மெஷினை அணைத்துவிட்டு டாக்டரிடம் இழுத்துப் போனேன். சேட்டு போனில், மான்குர்த்தில் வேறு ஆள் இருக்கிறான் என்று கத்தினார். அவனிடமே கொடுங்கள் என்று வைத்துவிட்டேன். ஆர்டர் நிற்குமா, போகுமா, தெரியாது.

மதினிக்கு ரத்த அழுத்தமாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இனி தினமும் என் கையால் கொடுத்து, விழுங்கிவிட்டாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். திட்டட்டும், கடிக்கட்டும். உன் பெண்டாட்டியை உன்னிடம் சீக்கிரம் அனுப்ப மாட்டேன், அண்ணே. நீ அங்கே தனியாகவே கிட.

இன்னும் கோபம் ஆறாத உன் தங்கச்சி,
ஜெசி